தட்டில் செத்தது, பல்லில் சாகவில்லை

தலைமை தாங்கி, எனக்குத் தந்த நேரத்தை நான் தாண்டினாலும் தாங்கிக்கொள்ளப் போகும் கல்லூரி முதல்வர் அவர்களே, கருவி பிடித்த என் கை முதல் நாளில் நடுங்கியதைக் கண்டும் காணாமல் இருந்த என் ஆசிரியப் பெருமக்களே, பல் விழுந்தும் சிரிப்பு விழாத பெரியோர்களே, பிள்ளைக்குப் பல் வலித்தால் பதறி ஓடிவந்து, தமக்கு வலித்தால் தலையணையில் கன்னத்தை அழுத்திப் படுத்துக்கொள்ளும் தாய்மார்களே, வெள்ளைக் கோட்டின் மடிப்பு இன்னும் கலையாத மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குப் பின்னால் பதாகை கட்டியிருக்கிறார்கள்: ‘கிருமி கொல்லும் இலைகள்’. வேர் சிகிச்சையில் தாவரச் சாறுகள் பற்றி எங்கள் துறை எழுதிய நூல் இன்று வெளியாகிறது. அதைப் புகழ்ந்து பேச என்னை அழைத்தார்கள். புகழத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு மனிதரின் சாவைச் சொல்ல வேண்டும். முதல்வரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

முன்வரிசையில் ஒருவர் கன்னத்தில் கை வைத்துவிட்டார். ஐயா, பல் வலியா, என் பேச்சா? பல் வலி என்றால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், பார்த்துவிடலாம்.

பல்லின் வேருக்குள் மயிரிழை போன்ற ஒரு குழாய் ஓடுகிறது. கிருமி அங்கே குடிபுகுந்தால், பல்லைத் திறந்து, அழுகியதை எடுத்து, மருந்துநீரால் கழுவி, மூட வேண்டும். அதுதான் வேர் சிகிச்சை. ஒரே நாளில் முடியாத பல்லும் உண்டு. இரண்டு முறை, மூன்று முறை வர வேண்டியிருக்கும். கழுவும் நீர் கடுமையானது, சலவைக்குப் போடும் வெளுப்பு மருந்தின் உறவு. கிருமியைக் கொல்லும், கைதவறி வேர்நுனியைத் தாண்டினால் சதையையும் சுடும். சுடாத ஒன்று கிடைக்காதா என்று ஏங்கினோம். இலை இலையாகத் தேடினோம். கொய்யா இலைச் சாறு, ஆய்வகத்தின் கண்ணாடித் தட்டில், கிருமிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. குதித்தேன் நான். யார்தான் குதிக்கமாட்டார்கள்?

ஆறு ஆண்டுகளுக்கு முன், இதே அரங்கில், இதே மேடையில், அதைப் பற்றிப் பேச வந்தேன். அன்று காலை எங்கள் ஆய்வகப் பொறுப்பாளர் அம்மையார் என் அறைக்கு வந்தார். மருந்தை விடுவதுபோலச் சொட்டுச் சொட்டாகத்தான் பேசுவார் என்பதால் அவரை நாங்கள் ‘சொட்டக்கா’ என்போம்.

"மேடம், பிடுங்கின பல்லுல வச்சுப் பார்த்தேன். தட்டுல செத்த கிருமி பல்லுக்குள்ள சாகல."

"எத்தனை பல்லுல?"

"இருபதுல பதினாலுல உசுரோட இருக்கு. வேர்ச் சுவர்ல பொடித்துளை இருக்குல்ல, அதுக்குள்ள போய் ஒட்டிக்குது."

"சரி, அப்புறம் எழுதிக்கலாம். கூட்டத்துல போய் இதைச் சொன்னா யாருக்குப் புரியும்?"

அவர் வாசலில் நின்று சொன்னார்: "புரியிற மாதிரி நீங்க சொல்லுவீங்க மேடம். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிடுறாங்க."

நான் சொன்னேனா? சொல்லவில்லை. ‘குடைச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, கொய்யா இலை போதும், கொடுங்கிருமி சாகும்’ என்று முழங்கினேன். மோனை இனித்தது. உங்கள் கைதட்டல் அதைவிட இனித்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பேருந்து நடத்துநர் இருந்தார். என் நோயாளி. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்குமுன் "ரைட், போலாம்" என்பார். அதனால் எங்களுக்கு அவர் ‘ரைட் அண்ணன்’. கீழ்க் கடைவாய்ப் பல்லைத் திறந்து முதல் முறை கழுவித் தற்காலிகமாக அடைத்திருந்தேன். இன்னும் இரண்டு முறை வர வேண்டும், அடுத்தது வரும் செவ்வாய்க்கிழமை. பேச்சு முடிந்ததும் படிக்கட்டருகே வந்து நின்றார்.

"டாக்டரம்மா, பிரமாதமா பேசினீங்க. அப்போ அந்தக் குடையுற மிஷினுக்கு இனிமே வேலை இல்லைன்னு சொல்லுங்க."

"எல்லாம் நல்ல காலம் வருது அண்ணே" என்று சிரித்துவிட்டு, அடுத்து வாழ்த்த வந்தவரிடம் திரும்பிவிட்டேன்.

தாய்மார்களே, அந்த ஒரு நொடியில் நான் திரும்பாமல் நின்றிருக்கலாம். "அண்ணே, செவ்வாய்க்கிழமை மறக்காம வந்துடுங்க" என்றிருக்கலாம். ஐந்து சொல் கூட இல்லை. அத்தனை சொல் கொட்டிய எனக்கு, அந்த நாலு சொல்லுக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. மருத்துவமனையிலிருந்து அழைத்தபோது, "வலியே இல்லம்மா, இலைத்தண்ணி கொப்பளிக்கிறேன்" என்றாராம். வலி போனதற்குக் காரணம் இலை அல்ல. நான் திறந்து கழுவியதால் போனது. உள்ளே கிருமி இருந்தது. தற்காலிக அடைப்பு உடைந்தது. இரண்டு மாதம் கழித்துத் தாடைக்கடியில் வீங்கியது. துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். விசில் ஊத உதடு குவியவில்லை. பேருந்தின் தகரத்தைக் கையால் தட்டியே ஓட்டுநருக்குக் குறிப்புக் கொடுத்தார். நான்காம் நாள், எச்சில் விழுங்க முடியாமல், நாக்கு மேலே தூக்கி மூச்சை அடைக்க, தூக்கிவந்தார்கள். அறுவை மருத்துவர்கள் கழுத்தைத் திறந்து சீழை எடுத்தார்கள். பேச்சு வராத அந்த மனிதர் மனைவியிடம் தாளில் எழுதிக் காட்டியது ஒரே வரி: ‘டிப்போவுக்கு லீவு சொல்லிடு.’ மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி என் அறைக்கு வந்தார். ஆயத்த ஆடைக்கூடத்தில் பொத்தான் தைப்பவர். பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"டாக்டர், நான் காய்ச்சிக் கொடுத்த தண்ணி. மிச்சம் இருந்துச்சு. இலை கம்மியா போட்டுட்டேனான்னு பார்த்துச் சொல்லுங்க. தினமும் ரெண்டு வேளை காய்ச்சினேன். ஒருநாள் மட்டும் வேலைக்கு நேரமாச்சுன்னு சரியா கொதிக்கவிடாம இறக்கிட்டேன். அந்த ஒருநாளாலயா?"

என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றேன். புட்டியை வாங்கி அலமாரியில் வைத்தேன். அவர் அந்த ஒருநாளைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார்.

அதை உடனிருந்து கேட்டிருந்த சொட்டக்கா ஒரு வாரம் கழித்து என் அறைக்கு வந்தார். சொன்னார்: "அந்தம்மா இன்னும் அடுப்பையே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க மேடம்."

ஆடைக்கூடத்துக்குப் போனேன். உணவு இடைவேளை. தையல் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. அவர் மட்டும் மிச்சச் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். அருகில் அமர்ந்து, இருபது பல், பதினாலு பல், எல்லாம் சொன்னேன். எவ்வளவு கொதித்திருந்தாலும் அந்தத் தண்ணீர் வேருக்குள் போயிருக்காது என்றேன். ஊசி நிற்கவே இல்லை.

"அப்போ அன்னைக்குக் காலையிலயே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவரு வந்து கேட்டப்போ சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்மா."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எனக்கு மட்டும் சொன்னா பத்தாது டாக்டர். நீங்க பேசினதை அவரு பஸ்ஸுல வர்றவங்களுக்கெல்லாம் சொன்னாரு. அவங்க வீட்டுலயும் யாராவது காய்ச்சிக்கிட்டு இருப்பாங்க."

அவையோரே, அதன்பின் இந்த மேடை என்னை அழைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அழைத்தது. மூன்று முறை அழைத்தது. காய்ச்சல் என்றேன், கருத்தரங்கம் என்றேன், கண் அறுவை என்றேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. உங்கள் கண்ணைப் பார்க்கத்தான் பயம்.

தம்பி, அங்கே கை தட்ட வேண்டாம். இது தட்டுவதற்கான இடமில்லை.

இலை பொய் சொன்னதா? இல்லை. தட்டு பொய் சொன்னதா? இல்லை. சொட்டக்கா மறைத்தாரா? இல்லை. பாதி உண்மையை எடுத்துப் பட்டுடுத்தி, பொட்டு வைத்து, உங்கள் முன் நிறுத்தியவள் நான். பாதி கழுவிய பல் எப்படி ஆளைக் கொல்லுமோ, பாதி சொன்ன உண்மையும் அப்படிக் கொல்லும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

இனி நூலைப் புகழ்கிறேன். அந்தப் பதினாலு பற்களும் இதன் முதல் இயலில், முதல் அட்டவணையில் இருக்கின்றன. வேறெந்தப் பெருமையும் இதற்கு வேண்டாம். இலைகளை நாங்கள் கைவிடவில்லை. என்றாவது ஒருநாள், கருவி சுத்தம் செய்த குழாயில், மருத்துவர் கையால், அளந்த அளவில், அவை துணைக்கு வரலாம். இன்று வரவில்லை. வீட்டு அடுப்பிலிருந்து ஒருநாளும் வராது.

அந்த அம்மா இங்கே இருக்கிறாரா என்று யாரும் திரும்பித் தேட வேண்டாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரறியச் சொல்கிறேன்: அவர் கையில் பிழையில்லை. பிழை என் வாயில்.

பாதியில் விட்ட பல்லோடு உட்கார்ந்திருப்பவர்களே, வலி போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று உங்களை யாரும் திட்டமாட்டோம். நாளைக் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும். நான் நாற்காலி அருகே நிற்பேன்.

குறுக்கிடாமல் கேட்ட தலைவருக்கும், கைதட்டாமல் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம். வந்துவிடுங்கள்.