ஜான் பாஷாவின் ஷெட்டை விட்டு ஜெனரேட்டர் போகாது

மேடையில் நாற்காலி பிடித்துவிட்ட பெரியவர்களே! பிடிக்க முடியாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வியாபாரிகளே! முன்வரிசையில் கணவர் ஜான் பாஷாவை இழந்து உட்கார்ந்திருக்கும் என் தங்கச்சி தாஹிரா! எல்லோருக்கும் இந்த இளையபெருமாளின் வணக்கம், சலாம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். “ஜான் பாஷா இருக்கிறவரை இந்த ஊர் அவரைப் பைத்தியம் என்னும்; கண்ணை மூடியதும் மாலையோடு மேடை ஏறும்” என்றேன். ஏறியிருக்கிறீர்களா, இல்லையா?

ராஜகிரி மலைக்குப் பின்னால், கரண்டுக் கம்பம் எட்டிப்பார்க்காத பாறை ஓரத்தில் பட்டறை போட்டார் எங்கள் இயந்திரச் சக்கரவர்த்தி ஜான் பாஷா! கம்பம் வரட்டும் என்று காத்திருந்தாரா? கூரைமேல் சின்னதாக ஒரு சூரியத் தகடு, கீழே ஒரு லாரி பேட்டரி. விளக்கும் ரேடியோவும் அதில் ஓடின. துளை மெஷினுக்கும் சாணைக்கும் மட்டும், கையில் தூக்கிப் போகிற மண்ணெண்ணெய் ஜெனரேட்டர். இதைப் பார்க்க ஜப்பானிலிருந்தே ஆள் வந்தது. அவர்களோடு ஜப்பான் பாஷையில் பேசி அனுப்பியது நான்தான்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? சிரித்தீர்கள்! துளை வேலையெல்லாம் சேர்ந்த பிறகுதான் பாய் கயிற்றை இழுத்து ஜெனரேட்டரை ஓடவிடுவார். அவலூர்பேட்டையிலிருந்து கலப்பையோடு வந்தவர்கூடப் பேசாமல் காத்திருந்தார். ஆனால் இதோ, மேடை நடுவில் உட்கார்ந்திருக்கும் மைக்செட் ராஜாங்கம்?

“இன்னா பாய், ஒரு ஓட்டைக்கு நாள் பூரா நிக்கணுமா? இழு கயித்த!”

“உக்காரு நைனா. இன்னும் ரெண்டு பேரு வரட்டும். உனுக்காக மட்டும் இழுத்தா மண்ணெண்ண அழுவும்.”

அப்புறம் ஒருநாள் பேட்டரி ஏறவில்லை. “சூரியனே பாயக் கைவுட்டுட்டாரு” என்று கடைத்தெருவே கும்மாளம் போட்டதே! அடடா, என்ன அறிவு, என்ன அறிவு! ஏறிப் பார்த்தால் தகட்டின்மேல் வெள்ளைவெளேரென்று வடகம்! “வழுவழுன்னு சூடா இருக்குது, காயட்டுமேன்னு பிழிஞ்சேன்” என்கிறார் பக்கத்து வீட்டு அமிர்தவல்லி. ஒரு மூலை மறைந்தாலே மொத்தத் தகடும் சோர்ந்துபோகும் என்று கண்டுபிடித்தவன் நான். சரி, பாயும் கூட இருந்தார். அவர் கோபப்பட்டாரா? “காஞ்சதும் எனக்கும் ரெண்டு வறுத்துக் குடும்மா” என்றார். அவர் மனிதர்! நீங்களும் இருக்கிறீர்களே!

இன்று தாஹிரா பட்டறையை நடத்துகிறேன் என்கிறாள். புருஷனோடு நின்று துளை போட்டுப் பழகிய கை. ராஜாங்கமோ துக்கம் விசாரிக்கப் போன இடத்திலேயே, “பொம்பள இன்னாத்த ஓட்டப்போற? ஜெனரேட்டர என் மைக்செட்டுக்குக் குடுத்துடு” என்கிறார். அது போனால் துளை மெஷின் சுற்றாது. பட்டறைக்குப் பூட்டுதான். அவள் எதை வைத்துப் பிழைப்பாள்?

ராஜாங்கம் அவர்களே! ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் பாய் என் கையைப் பிடித்துச் சொன்னார்: “இளையபெருமாளு, ஜெனரேட்டர் ஷெட்ட வுட்டுப் போவக்கூடாது. ராஜாங்கத்துகிட்ட சொல்லிடு.” இறந்தவர் வார்த்தை ஐயா! மீறப்போகிறீர்களா? சபைக்கு முன்னால் சொல்லுங்கள்!

என்ன? சத்தமாக! “எனக்கு வேணாம்பா, தாஹிராவே வச்சிக்கட்டும், ஆள வுடு” என்கிறார்! கேட்டீர்களா எல்லோரும்? கைதட்டாதீர்கள், இது இரங்கல் கூட்டம்.

நாளையிலிருந்து நம் ஊர்த் துளை வேலையெல்லாம் தாஹிராவின் பட்டறைக்கே போகும். கயிற்றை இழுக்க நான் நிற்பேன். அவள் சொன்னால்தான் இழுப்பேன். ஜான் பாஷா ஓட்டிய இயந்திரம் நிற்காது! இது உறுதி.

இறங்குவதற்கு முன் ஒன்று. இறந்தவர் பெயரில் பொய்யை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் பாய்க்கு நினைவே திரும்பவில்லை. அந்தக் கடைசி வார்த்தை நான் கட்டிவிட்டது.

எழுந்திருக்காதீர்கள் ராஜாங்கம், உட்காருங்கள். பாய் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள், ஊரே கேட்டது.