ஆணி அடிக்காத வீடு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காற்று சில்லென்று வருகிறது, அந்தக் கதவை மட்டும் சாத்திவிடுங்கள். ஒரு மாமியாரும் மருமகளும் ஒரே ஒரு வார்த்தையைக் கடைசிவரை வாயில் எடுக்காமலே எல்லாவற்றையும் பேசி முடித்த கதை இது. தைவான் நாட்டில் இருக்கிற எங்கள் தைனான் ஊரில் வயிற்றில் பிள்ளை தங்கினால் மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளை மனம் மாறித் திரும்பிப் போய்விடுமாம். மீன் கஞ்சிக் கடை நடத்தும் மாமியார் சியூ-லுவானுக்கு ஒரே மகன். அவன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் பெய்-ஷான் போன முறை அவசரப்பட்டுச் சொல்லி, தெருவே மகிழ்ந்து, பிறகு பிள்ளைக்கு இதயத் துடிப்பு இல்லை என்பதை ஆஸ்பத்திரி அறையில் தனியாகப் படுத்துக் கேட்டவள். இன்று மத்தியானம் மறுபடியும் அதே அறைக்குப் போக வேண்டும். காலை வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவுகிறார்கள். என்ன பேசுகிறார்கள், கேளுங்கள்.

சியூ-லுவான்: பாதிக் கஞ்சி அப்படியே இருக்கு. யாருக்கு வச்சிருக்க, பூனைக்கா?

பெய்-ஷான்: இறங்கலம்மா... மீன் வாசனை கொஞ்சம்...

சியூ-லுவான்: மீன் கஞ்சிக் கடைக்கு வாழ்க்கைப்பட்டுட்டு மீன் வாசனையாம்.

பெய்-ஷான்: வெயிலும்மா. வேற ஒண்ணுமில்ல.

சியூ-லுவான்: வெயிலுதான், வெயிலுதான். இந்தா, கொய்யா. இதுல மீன் நீந்தல.

பெய்-ஷான்: தினமும் கொய்யாவா?

சியூ-லுவான்: பழக்காரி கொசுறு போடறா. வேண்டாம்னா கோவிச்சுக்குவா.

பெய்-ஷான்: கொஞ்சம் டீ போட்டுக்கறேம்மா.

சியூ-லுவான்: டீத்தூள் தீர்ந்துபோச்சு.

பெய்-ஷான்: அது தீர்ந்து ரொம்ப நாளாச்சு. எதிர்க்கடையிலயே விக்கறாங்க.

சியூ-லுவான்: விக்கட்டும். வெந்நீர் குடி. சில மாத்திரைக்கு டீ ஆகாதாம், மருந்துக்கடைக்காரர் சொன்னாரு.

பெய்-ஷான்: ...என்ன மாத்திரை?

சியூ-லுவான்: என் முட்டிவலி மாத்திரைதான்.

பெய்-ஷான்: உங்க முட்டிக்கு நான் ஏம்மா டீயை விடணும்?

சியூ-லுவான்: ஒரே வீட்டுல ஒருத்திக்கு வலிச்சா இன்னொருத்தி பத்தியம் இருக்கக் கூடாதா?

பெய்-ஷான்: அதனாலதான் சூப்புல அந்த மருந்து வேரும் போடறதில்லையா? பக்கத்து வீட்டு அத்தை மூட்டையாக் கட்டிக் கொடுத்தாங்களே.

சியூ-லுவான்: அது... என் முட்டிக்குச் சூடு. பேச்சை மாத்தாத. மத்தியானம் எங்கயோ போகணும்னியே?

பெய்-ஷான்: ஒரு சிநேகிதியைப் பார்க்க.

சியூ-லுவான்: ம்.

பெய்-ஷான்: கொஞ்ச நேரம்தான். படுக்கச் சொல்வா, ஸ்கிரீனைப் பார்க்கச் சொல்வா... அவ்வளவுதான்.

சியூ-லுவான்: நல்ல சிநேகிதி.

பெய்-ஷான்: போன தடவை தனியாப் போனேம்மா. பேசிக்கிட்டே இருந்தவ சட்டுனு நிறுத்திட்டா. ஸ்கிரீனை அவ பக்கம் திருப்பிக்கிட்டா. அப்பவே தெரிஞ்சுபோச்சு... பஸ் நிக்கற இடத்துல உட்கார்ந்தேன். எத்தனை பஸ் போச்சுன்னே தெரியல.

சியூ-லுவான்: இந்த ஸ்டூல்ல உட்காரு.

பெய்-ஷான்: இன்னைக்குப் போக வேண்டாம்னு பார்க்கறேன். உடம்பு நல்லாத்தானே இருக்கு. அடுத்த மாசம் போனா என்ன?

சியூ-லுவான்: அந்தப் பாத்திரத்தைக் கீழ வை. வை சொல்றேன். உன் சிநேகிதி இருக்கறது பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம்தானே?

பெய்-ஷான்: ...அதுக்குள்ளதான்.

சியூ-லுவான்: நல்லதாப் போச்சு. எனக்கு முட்டி தாங்கல. இன்னைக்கே காட்டணும். உன்கூட வர்றேன். அவ ரூமுல எனக்கொரு நாற்காலி போடுவாளா?

பெய்-ஷான்: போடுவாம்மா. வீட்டு ஆளைக் கூட்டிட்டு வான்னுதான் சொல்லியனுப்பினா.

சியூ-லுவான்: அப்ப சரி.

பெய்-ஷான்: முட்டியைக் காட்ட இங்க எதுக்கு வந்தீங்கன்னு யாராவது கேட்டா?

சியூ-லுவான்: வயசானவ, வழி தப்பி வந்துட்டேன்னு சொல்றேன். நீ போகாம மட்டும் இருக்காத. அவ ஸ்கிரீனைத் திருப்பினா நான் எழுந்து போய் அந்தப் பக்கம் நின்னு பார்ப்பேன். எதுவா இருந்தாலும் பஸ்ஸுக்கு ரெண்டு பேராக் காத்திருப்போம்.

பெய்-ஷான்: அழ வைக்காதீங்கம்மா.

சியூ-லுவான்: அழறதுக்கும் தெம்பு வேணும். கொய்யாவைத் தின்னு.

பெய்-ஷான்: ...அம்மா, அந்தச் சாஸ் பாட்டில் வைக்கற பலகை.

சியூ-லுவான்: அதுக்கென்ன?

பெய்-ஷான்: ஒரு ஆணி அடிச்சா நிக்கும். கயித்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க, வர்றவங்க எல்லாம் சிரிக்கறாங்க. தச்சர் சும்மாவே அடிச்சுத் தர்றேன்னு சுத்தியலோட வந்தாரு. துடைப்பத்தை எடுத்தீங்க.

சியூ-லுவான்: அந்த ஆளு பாக்கை மென்னு கண்ட இடத்துல துப்புவான்.

பெய்-ஷான்: அவ்வளவுதானா?

சியூ-லுவான்: ...ஒரு வீட்டுல குட்டிச் சாமி வந்து தங்கியிருந்தா, அது சுவர்ல ஒட்டியிருக்கோ, பலகை மேல குந்தியிருக்கோ, யாரு கண்டா? அங்க போய் ஆணி அடிக்கலாமா?

பெய்-ஷான்: எந்த வீட்டுலம்மா?

சியூ-லுவான்: ஏதோ ஒரு வீட்டுல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேட்கல. செருப்பைப் போடு, தட்டையான செருப்பு. ஆனா ஒண்ணு மட்டும் கேட்கறேன். மாத்திரை அட்டையை ஒளிச்சு வைக்க இந்த வீட்டுல வேற இடமா கிடைக்கல? போயும் போயும் அரிசி டப்பாவா?

பெய்-ஷான்: விடிஞ்சதும் நீங்க முதல்ல கை விடற இடம் அதுதானேம்மா. வாயால சொல்லக் கூடாது... சொல்லாமலும் இருக்க முடியல. அதான் உங்க கைக்கு மட்டும் சொன்னேன்.

அந்தக் கயிறு அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. மறு வருஷம் தச்சர் வந்து ஒருவழியாக அந்த ஆணியை அடித்தபோது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பேத்தி விழித்துக்கொண்டு அழுது தெருவையே கூட்டிவிட்டாளாம். கேட்டீர்களா, கண்ணுகளா? உங்கள் வீட்டிலும் சொல்லாததைத் தெரிந்துகொள்கிற ஒரு கை இருக்கட்டும். துணைக்குப் போட ஒரு நாற்காலி இருக்கட்டும். வரவேண்டிய உயிர்கள் எல்லாம் சுகமாக வந்து, உங்கள் மடியில் படுத்து உங்கள் தூக்கத்தைக் கெடுக்கட்டும்.