கொட்டை கலக்காத வீடு

பொட்டலங்களின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது. நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பாருங்கள். பிஸ்கட், சூப் பொடி, முகத்துக்குப் பூசும் கிரீம், எதையும் விடக்கூடாது. நானும் தங்கையும் கடையில் நின்று செய்தி வாசிப்பவர்களைப் போல மாறி மாறிப் படிப்போம். "பாதாம், முந்திரி, பிஸ்தா கையாளப்படும் ஆலையில் தயாரிக்கப்பட்டது" என்ற வரிக்கு அவள் ஒரு மெட்டே போட்டிருந்தாள். கடைக்காரர் எங்களைக் கண்டாலே, "வந்துட்டாங்கப்பா, வாங்காம வாசிக்கிறவங்க" என்பார்.

தங்கை கேக் செய்பவள். ஒரு நாள் கை முழுக்கத் தடிப்போடு வந்து நின்றாள். நான் வேலை பார்க்கும் லேபிலேயே இரத்தம் கொடுத்தாள். மரத்தில் காய்க்கும் கொட்டை எதுவுமே ஆகாது என்று முடிவு வந்தது.

"இருபத்தாறு வயசுல புதுசா வருமா டாக்டர்?"

"எந்த வயசுலயும் வரலாம்மா. நிலக்கடலை மட்டும் பயமில்ல, அது மரத்துல காய்க்கிறதில்ல."

"அப்ப கடலை போடலாம்," என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

வெளியே வந்துதான் அழுதாள். அடுத்த வாரம் அவள் வேறு ஊருக்குப் போவதாக இருந்தது. பெரிய ஹோட்டலில் கேக் பிரிவு. நாள் முழுக்கப் பாதாம் மாவு பறக்கும் அறை. புதுப் பெட்டிகூட வாங்கிவிட்டாள். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டில் ஒன்று போனால் மிஞ்சுவது யார் என்று அவள் யோசிக்கவில்லை. சின்னப் பெண்தானே.

நான் சிரிக்கவைத்தேன். ஜாடிகளைக் காலிசெய்தோம், அலமாரிகளைப் பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தோம். அவசரத்துக்குத் தொடையில் குத்திக்கொள்ளும் மருந்துப் பேனாவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். வாசலைத் தாண்டும்போதெல்லாம் கேட்பேன்:

"மாப்பிள்ளைய கூட்டிட்டு வந்தியாடி?"

"பையில தூங்குறாருக்கா. சத்தம் போடாத."

பழகிக்கொள்ளத் தந்த ஊசியில்லாப் பேனாவால் ஒருவரையொருவர் குத்திக் கட்டிலில் உருண்டோம். கீழ்வீட்டு அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தினமும் ஒரே கும்மாளமா இருக்கு?"

"எங்களுக்கு அலர்ஜி வந்திருக்கு ஆன்ட்டி," என்றேன்.

"வியாதி வந்தவங்க இப்படியா சிரிப்பாங்க?"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்படி ஏழு வாரங்கள்.

நீங்கள் கேட்பது அந்த வயலின் வாத்தியாரைப் பற்றி என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

என் வேலை சுலபமானது. டியூப் வரும், சீட்டில் உள்ள பெயரைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அன்று காலை கொட்டை அலர்ஜிக்கென்று வந்தவை இரண்டே டியூப்கள். ஒன்று தங்கையுடையது. மற்றது வாத்தியாருடையது. அதன் சீட்டில், பிஸ்தா சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சுத் திணறியது என்று எழுதியிருந்தது. தங்கையின் தடிப்பு புதுச் சோப்பால் வந்தது. சோப்பை மாற்றியதும் அடங்கியதை நான் மட்டும் கவனித்திருந்தேன். ஸ்டிக்கர்களை இடம் மாற்றி ஒட்டினேன். சரியாக ஒட்டுவதற்கு ஆகும் நேரம்தான் ஆனது.

வாத்தியார் ரிப்போர்ட் வாங்க வந்தபோது கவுண்டரில் நான்தான் இருந்தேன்.

"நிஜமாவே ஒண்ணும் இல்லையாம்மா?"

"எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு சார்."

"அப்பாடா. நாளைக்கு என் பொண்ணுக்குப் பிறந்தநாள். பிஸ்தா கேக்குதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

"நல்லா சாப்பிடுங்க சார்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவ்வளவு மகிழ்ச்சியாக யாரும் எங்கள் லேபை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்கிறீர்கள். மறுநாளே எனக்கும் தெரியும். தெரிந்தும் எப்படிச் சிரித்தாய் என்கிறீர்கள். அவர் கையில் மருந்துப் பேனா இல்லை, பொட்டலத்தைப் படித்துக் காட்டப் பக்கத்தில் ஓர் அக்கா இல்லை. அப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு மனிதர்கள் எவ்வளவு அஜாக்கிரதையாக இருக்கிறார்கள். நாங்கள் அப்படி இருந்ததில்லை.

ஆனாலும் மறுக்கவில்லை. மாற்றி ஒட்டியது நான். யாருக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே ஒட்டினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். தங்கை வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இதில் ஒரு வார்த்தையும் அவளிடம் சொல்லாதீர்கள். வீம்புக்காரி, கேட்ட கையோடு ஒரு பிடி பாதாமை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அவள் உடம்புக்கு அது ஆகவே ஆகாது.