முடி வளர்கிறது என்றார்கள்

தலைமையேற்றிருக்கும் மாதர் சங்கத் தலைவி அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் ஆயர் ஆபேல் அவர்களே, அனகாபுத்தூர்ச் சந்துகளை வெயிலோடு கடந்து வந்த பெரியோர்களே, பெற்றவர்களே, பெறப்போகிறவர்களே, என் தாய்மார்களே! ஓய்வுபெற்ற தமிழாசிரியை ரத்தினபாய் உங்களை வணங்குகிறேன்.

கர்ப்பிணி சொறிந்தால் நாம் என்ன சொல்வோம்? "புள்ளைக்கு முடி வளருது, அதான் அரிக்குது!" சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான். என் தலைப்பிரசவத்துக்கு முன்னால் உள்ளங்கை அரித்தது, உள்ளங்கால் அரித்தது. தடிப்பில்லை, தழும்பில்லை, தடயமில்லை! ஒரு பகல் பிள்ளை அசையவில்லை. பிறந்தது. தலை நிறைய முடி இருந்தது தாய்மார்களே, உயிர்தான் இல்லை! அந்த ஈர முடி என் விரலில் ஒட்டிக்கொண்டது. ஏன் செத்தது என்று எனக்கு எவரும் சொல்லவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடின. போன வருடம் இதே ஆலயத்தில் மௌன ஜெபம். எல்லோரும் கண்மூடியிருக்கிறோம். கரக்... கரக்... எலியா? எலியில்லை. பல்லியா? பல்லியில்லை. கண்ணைத் திறந்தேன். எட்டு மாதக் கர்ப்பிணி, என் மகள் ஜெனி, மூடிய கண் மூடியபடியே பாதத்தைச் சிமெண்டுப் படியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பது அவளுக்கே தெரியவில்லை. ஜெபம் முடியுமுன்பே அவள் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"முடி வளருதுன்னு நீயே சொல்லுவியேம்மா?" என்றாள். "வாயை மூடு, கெளம்பு!" என்றேன்.

தாம்பரத்தில் மருத்துவரைப் பார்த்து, சோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். "மஞ்சள் காமாலை இல்லக்கா, நார்மல்" என்றார் சோதனைக்கூடத்துச் சுகுமார். நார்மலாம்! வீட்டுக்கு வந்தால் சுவருக்கு அந்தப்பக்கம் கரக்... கரக்... மறுபடி மருத்துவரிடம் ஓடினேன். செத்த பிள்ளையின் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"காமாலை டெஸ்ட் மட்டும் போதாதும்மா. ரத்தத்துல பித்த அமிலம் எவ்ளோன்னு பாக்கணும்" என்றார்.

பார்த்தார்கள். இருக்கவேண்டிய அளவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்! குடலுக்குப் போகவேண்டிய பித்தம் கல்லீரலிலிருந்து திரும்பி, என் மகளின் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் தெரிந்ததா? இல்லை. தோலில் தெரிந்ததா? இல்லை. கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்தைச் சத்தமில்லாமல் நிறுத்தக்கூடியது அது! நாள் பார்த்துக் காத்திருக்காமல் முன்கூட்டியே பிரசவம் பார்த்தார்கள். பேரன் அழுதான் ஐயா, அழுதான்! நானும் அழுதேன்.

எல்லா அரிப்பும் ஆபத்தில்லை. ஆனால் எது ஆபத்து என்பதைப் பக்கத்துவீட்டு அக்கா சொல்ல முடியாது, இரத்தம்தான் சொல்லும்.

அம்மா, மூன்றாம் வரிசை, பச்சைப் புடவை! உன்னைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நாற்காலிக் காலில் ஏன் பாதத்தைத் தேய்க்கிறாய்? என்ன? சத்தமாகச் சொல். "ஏழு மாசம் டீச்சர், எங்க அத்தை முடிதான்னு சொல்லிகினு கீறாங்க" என்கிறாள். கேட்டீர்களா சபையோரே? கைதட்டாதீர்கள், வழி விடுங்கள்!

தலைவி அவர்களே, பொறுத்தருள வேண்டும். பேச இன்னும் இருக்கிறது, ஆனால் இவளுக்கு நேரமில்லை. செருப்பைப் போடு பெண்ணே, நானும் வருகிறேன். அனைவருக்கும் நன்றி, வணக்கம்! யாராவது ஓடிப்போய் ஒரு ஆட்டோவை நிறுத்துங்கள்!