அறுந்து போகாத இணைப்பு

மோடம் பழுது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மோடத்தில் பழுதே இருக்காது சார். அவன் வீட்டிலும் அப்படித்தான்.

அவனுக்கும் எனக்கும் ஏழு வருடம் ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேசை. லினக்ஸ் கம்ப்யூட்டரில், போன் லைன் வழியாக நெட்டுக்குப் போகும் டயல்-அப் இணைப்பு அறுந்தால் எங்கே பார்ப்பது, எதைத் திருத்துவது என்று நான் இருநூறு பக்கம் எழுதினேன். படித்துப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனான். அச்சாகி வந்தபோது அட்டையில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அதைக் காட்டியே பிரிவுத் தலைவர் ஆனான். ஆனதும் ஆட்குறைப்புப் பட்டியலில் முதல் ஆளாக என்னைப் போட்டான். நேரில் போய்க் கேட்டேன்.

“பேர் யாருதா இருந்தா என்னடா, விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேருதுல்ல” என்றான், என் தோளில் கை போட்டுக்கொண்டு. சிரித்துவிட்டு வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவனே போன் செய்தான். “மச்சான், பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை லைன் அறுந்து போயிடுது. உன்னை விட்டா வேற யாருக்கும் இது பிடிபடாதுடா.”

புத்தகம் எழுதியவனுக்கே பிடிபடவில்லையாம். போனேன்.

இணைப்பு எப்போது வந்தது, எப்போது போனது என்று பதிவாகும் லாக் கோப்பைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. நெட்டில் இருக்கும்போது வேறு யாராவது கூப்பிட்டால் லைனில் ஒரு பீப் விழும். அதில் இணைப்பு அறுந்துவிடும். டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் ஒரு குறியீட்டைச் சேர்த்தால் பீப் வராது. என் புத்தகத்தில் நாற்பதாம் பக்கம். இரண்டு நிமிட வேலை.

கூடவே, டயல் செய்வதற்கான அமைப்புக் கோப்பில் மூன்று வரி எழுதினேன். திரையில் நெட் ஜன்னலை மூடினாலும் இணைப்பு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்தால் உடனே தானாக டயல் செய்யும். அப்போது மோடம் போடும் கூச்சல் வெளியே கேட்காது. இந்த மூன்றையும் அவன் கேட்கவில்லை.

அந்த வீட்டில் நெட்டுக்கும் போனுக்கும் ஒரே லைன். போன் படுக்கையறையில் கட்டில் ஓரமாக இருந்தது. அதன்மேல் டாக்டரின் எண்ணை ஒட்டி வைத்திருந்தான். பார்த்தேன். அவனுக்கு ஆஸ்துமா. ஆபீஸில் மூச்சு முட்டும்போதெல்லாம் இன்ஹேலரைத் தேடிக் கொடுத்தவனும் டாக்டருக்குப் போன் போட்டவனும் நான்தான்.

மூன்றாம் நாள் பட்டப்பகலில், வீட்டில் தனியாக இருந்தபோது மூச்சு முட்டிச் செத்தான். அவன் மனைவி வேலையிடத்திலிருந்து நான்கு முறை கூப்பிட்டாராம், எங்கேஜ்டாகவே இருந்ததாம். வழக்கம்போல நெட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று விட்டுவிட்டாராம். ரிசீவர் அவன் கையிலேயே இருந்தது என்றீர்கள், இன்ஸ்பெக்டர் சார். காதில் இரைச்சல் மட்டும்தான் கேட்டிருக்கும்.

ஆத்திரத்தில் செய்யவில்லை. லாக்கை நீங்களே பாருங்கள். ஐம்பத்திரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் அறுந்திருக்கிறது, அவன் போனை எடுத்தபோது. உடனே டயல் செய்திருக்கிறது. அவன் விழுந்து கிடந்தபோதும் செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

அந்த மூன்று வரி இருக்கும் கோப்பின் தலையில் உன் பெயரும் தேதியும் எழுதி வைத்து இப்படி மாட்டிக்கொண்டாயே என்று கேட்டீர்கள். அது என் வேலை சார். இந்தத் தடவையும் பெயரில்லாமல் போக விடுவேனா.