நாற்பதடி நகர்ந்த கடிகாரம்

விழாவுக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய முதலாளி ஐயா அவர்களே, தாமதக் குறைப்புக் குழுவின் தன்னிகரற்ற தலைவர் அவர்களே (நாற்காலி காலியாக இருக்கிறது, வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள், வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம்), ஊசிமுனையில் உலகத்தையே உடுத்திப் பார்க்கும் தையல் பிரிவுத் தாய்மார்களே, கத்தரியும் கையுமாக வாழும் வெட்டும் பிரிவுப் பெரியவர்களே, பெட்டி கட்டிக் கட்டியே முதுகு வளைந்த என் அனுப்பும் பிரிவு அண்ணன் தம்பிகளே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற மாதம் மூன்றாம் தேதி, முற்பகல் பதினொன்றரை மணி. மூன்று சுற்றுத் தேநீருக்கும் முப்பத்தேழு வரைபடங்களுக்கும் பிறகு, நமது தாமதக் குறைப்புக் குழு ஒருமனதாக ஒரு முடிவை எட்டியது. கிடங்குக்குள் தொங்கிய கடிகாரத்தைக் கழற்றி, வாசல் கேட்டின் தூணில் மாட்டுவது! தூரம் நாற்பதடி. ஆணி ஒன்று. ஏணி ஒன்று. முன்மொழிந்தவர் ஒருவர். வழிமொழிந்தவர்கள் நால்வர். ஏணியைப் பிடித்தவன் அடியேன்.

அதன் மகிமையைச் சொல்கிறேன், கேளுங்கள். அதுவரை நம்மிடம் ஒரு கொடுமையான கணக்கு இருந்தது. நாம் தைக்கும் விளையாட்டுச் சட்டை, வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அனுப்பியதாக அர்த்தமாம்! என்ன அநியாயம்! அந்தக் கணக்கில் பத்துப் பெட்டிக்கு ஆறு பெட்டி தாமதம். புதிய கணக்கு அப்படியல்ல. லாரியின் பின்சக்கரம் கேட்டைத் தாண்டிய நொடியில் கடமை முடிந்தது. ஒரே வாரத்தில் பத்துக்குப் பத்து! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அதற்குத்தானே இந்த விழா.

லாரிக்குள் பெட்டி இருந்ததா என்று கேட்பது யார்? தையல் பிரிவா? கேட்கக் கூடாதம்மா. கடிகாரமே கேட்கவில்லை, நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

முதல் நாள் காவலாளி கேட்டார். நம் லாரி ஓட்டும் மீசைக்காரரை மறித்து, "ஏன்யா, வண்டி காலியா போகுதே, லோடு எங்க?" என்றார்.

"லோடு பின்னாடி வரும்."

"பின்னாடின்னா எப்போ?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டைத் தாண்டுன்னாங்க, தாண்டுறேன். எதிர்ல மரத்தடியில நிப்பேன். அது வரும்போது வரட்டும்."

லாரி சாலையைக் கடந்தது; மரத்தடியில் நின்றது; மூன்று நாள் நின்றது. தயாரான பெட்டிகளைத் தோளில் தூக்கி, போகிற வருகிற வண்டிகளுக்கு நடுவே கை காட்டிக் கடந்து, அங்கே போய் ஏற்றியவர்கள் நாங்கள். லாரி பெட்டியைச் சுமந்த காலம் போய், பெட்டி லாரியைத் தேடி நடந்த காலம் வந்தது. முன்னேற்றம் என்பது வேறு என்ன?

இப்போது ஒரே ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பள்ளியின் பெண்கள் கால்பந்து அணிக்குப் பதினோரு சட்டைகள். முதுகில் எண் இல்லாத சட்டையோடு வந்தால் நடுவர் மைதானத்துக்குள் விடமாட்டார். போட்டி சனிக்கிழமை. பத்துச் சட்டைகள் தயார். பதினோராவது சட்டையின் முதுகில் ஒட்ட ஏழாம் எண் வேண்டும். எல்லா அணியும் கேட்பது அந்த எண்ணைத்தான்; எனவே தீர்ந்துவிட்டது. புதிதாக வாங்கலாமே? வாங்கலாம். பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லா எண்ணும் தீர்ந்தால்தான் கொள்முதல் பிரிவு முழுத் தொகுப்பாக வாங்கும். அலமாரியில் நான்காம் எண் மட்டும் இரண்டாயிரம் கிடக்கிறது. அது தீர என் பேரன் காலம் ஆகும்.

திங்கட்கிழமை அந்த அணியின் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, எங்க பெட்டி எங்க இருக்கு?"

கணினியைப் பார்த்தேன். 'புறப்பட்டது' என்று பச்சையில் இருந்தது. "கிளம்பிடுச்சும்மா" என்றேன். பெட்டி என் காலடியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை: "கிளம்பி ஒரு நாள் ஆச்சேண்ணா, இப்போ எதைத் தாண்டியிருக்கும்?"

"கேட்டைத் தாண்டியிருக்கும்மா."

சிரிக்கிறீர்கள். நானும் அன்று உள்ளுக்குள் சிரித்தேன். புதன்கிழமை சிரிப்பு வரவில்லை. "உண்மையைச் சொல்லுங்கண்ணா. ரெண்டு வருஷமா இந்த ஒரு மேட்சுக்காகப் பொண்ணுங்க ஓடுறாங்க. பாதிப் பேருக்கு இதுதான் கடைசி வருஷம்" என்றார். உண்மையைச் சொன்னேன். ஏழு தீர்ந்துபோனதையும் நான்கு குவிந்து கிடப்பதையும் சொன்னேன். உடனே அவர், "நாலு நிறைய இருக்குங்கறீங்களே, நாப்பத்திநாலுன்னு போட்டுடுங்க. அவ அதைப் போட்டுக்கிட்டே ஓடுவா" என்றார்.

முப்பத்தேழு வரைபடங்களில் இல்லாத அறிவு அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது! ஓடினேன் திட்ட மேலாளரிடம்.

"எண் மாறினா அது புது ஆர்டர். பதினாலு நாள் ஆகும்" என்றார்.

"ஒரே ஒரு சட்டைதான் சார்."

"ஒண்ணுன்னா என்ன, ஆயிரம்னா என்ன? விதி விதிதான்."

"அப்போ மத்த பத்தையாவது அனுப்பிடலாமா சார்?"

"குறைப் பெட்டியை மூடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"சனிக்கிழமை மேட்ச் சார்!"

அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். "இதோ பாருய்யா. அந்தப் பெட்டி திங்கக்கிழமையே போயாச்சு. போன பெட்டிக்கு எதுக்கு இவ்வளவு அவசரப்படுறே?"

முதலாளி ஐயா புன்னகைத்துக்கொண்டிருந்தார், இப்போது நிறுத்திவிட்டார். பரவாயில்லை.

அவரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பத்துச் சட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறியிருக்கலாம். நான்கை இரண்டு முறை ஒட்ட எனக்குத் தெரியாதா? பதினெட்டு ஆண்டு அனுபவம் எதற்கு? ஏறவில்லை. ஒட்டவில்லை. விதி என்றார்கள், விதி என்று நானும் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை மாலைதான் கொள்முதல் பிரிவு மனம் இரங்கியது. சனிக்கிழமை காலை ஏழாம் எண் வந்தது, பெட்டி மூடப்பட்டது, சாலையைக் கடந்தது.

தாய்மார்களே, தோழர்களே! தாமதம் சாலையில் பிறக்கிறதா? சக்கரத்தில் பிறக்கிறதா? இல்லை! அலமாரியில் பிறக்கிறது, கையெழுத்தில் வளர்கிறது, கணினியில் பச்சையாகப் பூசப்பட்டு விருது வாங்குகிறது! நம் குழுவை நான் கைகூப்பிக் கேட்கிறேன்: நாற்பதடி நகர்த்தியது போதாது. துணிவிருந்தால் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போங்கள். சட்டைக்காகக் காத்திருக்கிறவரின் வாசலில் கொண்டுபோய் மாட்டுங்கள்! அங்கே அது காட்டுகிற நேரம்தான் நமக்கு நேரம். அங்கே நாம் வாங்குகிற பெயர்தான் நமக்குப் பெயர். இன்று தரப்போகிற கேடயத்தை, அதுவரை உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

கடைசிவரை கேட்ட உங்களுக்கும், மேடையிலிருந்து கைகாட்டியும் மைக்கை அணைக்காத ஒலிபெருக்கிக்காரருக்கும், மூன்று நாளும் என்னிடம் ஒரு சுடுசொல் பேசாத அந்தப் பயிற்சியாளருக்கும் நன்றி கூறி, உங்கள் எல்லோரையும் வணங்கி அமர்கிறேன்.

பெட்டி அடுத்த திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் பள்ளியில் இறக்கப்பட்டது. சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணிக்கு, பந்தைத் தொடாமலே வெற்றி எழுதப்பட்டது.