நடுவில் மண் தெரியும் மணிப்பூ

இந்தத் தோட்டக் கழகத்தைத் தோளில் சுமக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாக ஆளும் மூத்தோர்களே! மண் பட்ட கையோடு மன்றம் வந்திருக்கும் தாய்மார்களே! வாசலைப் பார்த்தபடி கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பிமார்களே, பயப்படாதீர்கள், சீக்கிரம் இறக்கிவிடுகிறேன்! பேருந்து நடத்துநராக இருந்தவனின் பணிவான வணக்கம்.

மணியடித்தே வாழ்ந்தவன் நான். தினமும் ஊரையே ஏற்றி இறக்கியவன். இன்று என் வீட்டு அழைப்புமணியை அடிக்க ஆள் உண்டா? பால்காரர்கூடப் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். என் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகுநாளாகிறது.

என் மனைவி ஜன்னலோரம் ஒரு செடி வைத்தாள். நீல மணிப்பூ! பனி பெய்தால் மண்ணுக்குள் பதுங்கும், வெயில் வந்தால் விழித்தெழும், ஆண்டுதோறும் அதே இடத்தில் அள்ளிப் பூக்கும்! என்ன ஐயா? விதையா, வேரா என்கிறீர்களா? வேர்தான், அங்கேதான் வருகிறேன்.

சில வருடங்களுக்கு ஒருமுறை அவள் அதைத் தோண்டியெடுத்து, வேரோடு பிரித்து, தெருவெல்லாம் கொடுப்பாள். அவள் போன பிறகு நான் மண்வெட்டியைத் தொடவில்லை. அவள் கை வைத்த செடியில் நான் இரும்பு வைப்பதா? இருக்கிற ஒன்றையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு நான் யாரோடு இருப்பது? எரு போட்டேன், வேலி கட்டினேன், கண்ணுக்குள் வைத்துக் காத்தேன். சுற்றிலும் பூத்தது. நடுவில் மட்டும் வெறும் மண் தெரிந்தது, அதுவும் வருடத்துக்கு வருடம் அகலமாகிக்கொண்டே போனது.

போன மாதம் என் தங்கை வந்தாள். செடியைப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் நான் ஒற்றை நாற்காலியை மட்டும் விட்டுவைத்திருப்பதையும் பார்த்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, இதுக்கு நோயும் இல்ல, நொடியும் இல்ல. அண்ணி பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்தாங்க, அது பிழைச்சுது. நீ பிடிச்சு வெச்சிருக்க, அது நடுவுல செத்துக்கிட்டு வருது."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஊருக்குப் போனதும் வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. அன்றைக்குத்தான் மண்வெட்டியை எடுத்தேன். அழுதுகொண்டேதான் வெட்டினேன், அதில் என்ன வெட்கம்?

அந்த வேர்கள்தான் இந்த மேடைக்குக் கீழே ஈரச் சாக்கில் இருக்கின்றன. ஆழமாகப் புதைக்காதீர்கள்! தண்ணீர் தேங்க விடாதீர்கள்! குளிரில் கருகினால் செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள்! ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், திரும்ப வரும்! இதற்கு டிக்கெட் உண்டா? கிடையாது! கைதட்டல் வேண்டுமா? வேண்டாம், அந்தக் கையில் செடியை வாங்கிக்கொள்ளுங்கள்! ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் பூ பூத்த அன்று என்னைக் கூப்பிடுங்கள். தேநீர்கூட வேண்டாம். வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். உட்காரச் சொன்னால் உட்காருவேன்.

இவ்வளவு நேரம் எனக்காக உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கே நெஞ்சு நிறைந்த நன்றி. இறங்கும்போது வேரை மறந்துவிடாதீர்கள். இன்னொன்று, என் வீட்டு அழைப்புமணி நன்றாகத்தான் வேலை செய்கிறது. நேற்று நானே வெளியே போய் நின்று அடித்துப் பார்த்தேன். வணக்கம்.